பன்னாடையைப் பற்றிச் சில வார்த்தைகள்

சென்ற மாதம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்குழு கூடியது. ஐயப்பன்தாங்கலில், பேருந்துப் பணிமனைக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், போரூர் ஏரிக் காற்று எப்போதாவது எட்டிப் பார்க்கிற ஐந்து மாடிக் கட்டடம்; நாற்பது வீடுகள். நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக ஒரு வரி இருந்தது: 'ஜெனரேட்டர் பராமரிப்பு ஒப்பந்தத்தை நிறுத்திச் செலவைக் குறைப்பது.' எட்டாவது வரி: 'முகப்பு வளைவுக்குக் கிரானைட் பதிப்பது.' இரண்டும் அடுத்தடுத்து அச்சானது தற்செயல்தான் என்று செயலாளர் சொன்னார். நம்புகிறேன்.

ஏழாவது தீர்மானத்தை எதிர்த்துப் பேச எழுந்தவன் நான் ஒருவன். வகுப்பறையில் ஐம்பது நிமிடம் மூச்சுவிடாமல் பேசிப் பழகிய நான் அங்கே மூன்றே நிமிடத்தில் தடுமாறி உட்கார்ந்துவிட்டேன். காரணம் எளியது. அதே தீர்மானத்தை முதன்முதலில் கொண்டுவந்தவன் நான்தான். 2021-இல், நான் பொருளாளராக இருந்தபோது. கூட்டத்திலேயே ஒருவர் அதை நினைவுபடுத்தவும் செய்தார். அங்கே சொல்ல முடியாமற்போனதை இங்கே எழுதுகிறேன். இலக்கியம் பேசும் இடத்தில் டீசல் வடிகட்டிக்கு என்ன வேலை என்று கேட்கிற நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். நன்னூல் வரை போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது.

எங்கள் ஜெனரேட்டர் 2012-இல் வாங்கியது. அந்த ஆண்டை நினைவில் வைத்திருப்பவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சென்னை நகருக்கே நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் அறிவிக்கப்பட்ட மின்வெட்டு. வெளி மாவட்டங்களில் பத்து மணி நேரத்தையும் தாண்டி இருள். மாணவர்கள் மெழுகுவர்த்தியில் தேர்வுக்குப் படித்தார்கள். அப்போது நாற்பது வீட்டுக்காரர்களும் முகம் சுளிக்காமல் பணம் போட்டு வாங்கிய இயந்திரம் அது. 62.5 கே.வி.ஏ. திறன். ஒலி தடுக்கும் இரும்புக் கூண்டுக்குள், வாகன நிறுத்துமிடத்தின் ஓரத்தில், மூன்றடி உயர மேடையில் அமர்ந்திருக்கிறது. மேடையை அவ்வளவு உயரமாகக் கட்டச் சொன்ன பெரியவர் இன்று இல்லை. அப்போது அவரைக் கேலி செய்தோம்; 2015 டிசம்பரில் நிறுத்திக்கொண்டோம்.

அடுத்த ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல். மரங்கள் மின்கம்பிகளோடு சாய்ந்து புறநகரெங்கும் இருண்டு கிடந்த நாட்களில் இந்த இயந்திரம் எங்களுக்குத் தண்ணீர் ஏற்றித் தந்தது. அதன் பின் மின்சாரம் சீரானது. இயந்திரம் தூங்கத் தொடங்கியது. தூங்குகிறதே, ஆண்டுதோறும் அதற்கு எதற்கு வைத்தியம் என்ற கேள்வி எனக்கு 2021-இல் தோன்றியது. கையேட்டைப் பார்த்தேன். வடிகட்டிகளை 250 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறையோ ஆண்டுக்கு ஒருமுறையோ, எது முந்துகிறதோ அதன்படி மாற்ற வேண்டும் என்றிருந்தது. மணிக்கணக்கு காட்டும் மீட்டரில் ஆண்டுக்கு இருபது மணி நேரம்கூடத் தேறவில்லை. ஆக, இன்னும் பத்து ஆண்டுகளுக்கு அந்தப் பக்கமே போக வேண்டியதில்லை என்று வாதிட்டேன். 'எது முந்துகிறதோ' என்ற இரண்டு சொற்களை நான் படிக்காமல் விடவில்லை. படித்தேன், வியாபாரத் தந்திரம் என்று முடிவு செய்தேன். சங்க இலக்கியத்தில் ஓர் உருபுக்கு மூன்று பக்கம் உரை எழுதுகிறவன் அந்த இரண்டு சொற்களுக்குக் காட்டிய மரியாதை அவ்வளவுதான். கைதட்டினார்கள். மிச்சமான தொகையில் பூந்தொட்டிகள் வாங்கினோம்.

2023 டிசம்பர் 3-ஆம் நாள் இரவு மிக்ஜாம் மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் காலையில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் ஒரு முறை இருமிக் கிளம்பியது. நாற்பது வீடுகளிலும் எனக்கு அன்று நல்ல பெயர்தான். மாலை வரை ஓடியது. ஏழு மணி வாக்கில் அதன் குரல் மாறிற்று. சீராக இரைந்துகொண்டிருந்த ஒன்று, ஆஸ்துமாக்காரர் மாடிப்படி ஏறுவதுபோல் இழுத்து, விட்டு, மீண்டும் இழுத்து, அடங்கிவிட்டது. மறுபடி முடுக்கினால் கிளம்பும். பாரம் ஏறியதும் ஐந்து நிமிடத்தில் சாகும். தண்ணீர் மோட்டாரை நிறுத்தினோம். லிப்டை நிறுத்தினோம். ஒவ்வொரு முறையும் முன்னைவிடச் சீக்கிரம் நின்றது. எட்டரை மணிக்கு முழுவதுமாக நின்றுவிட்டது.

ஐந்தாம் மாடியில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் இருந்தார். நுரையீரல் நோய்க்காரர். காற்றிலிருந்து பிராண வாயுவைப் பிரித்துத் தரும் கருவி ஒன்றோடு இரவும் பகலும் கட்டுண்டிருப்பவர். அதற்கு மின்சாரம் வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர் சில மணி நேரம் தாங்கும். அவசரத்துக்கென்று ஒரு சிலிண்டர் இருந்தது. அளவுக் கருவியில் முள் பாதிக்குக் கீழே. அவருடைய மகன் என்னிடம் வந்து, "சார், செட்டு எப்ப ஓடும்?" என்று மட்டும் கேட்டார். ஒப்பந்தத்தை நிறுத்தியவன் யார் என்பது அவருக்கும் தெரியும். அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பழைய மெக்கானிக்கைத் தேடிப் பிடித்துத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் வேறெங்கோ வெள்ளத்தில் சிக்கியிருந்தார். தம்மிடம் வேலை பழகும் பையனைக் காட்டுப்பாக்கத்திலிருந்து அனுப்புவதாகச் சொன்னார். காட்டுப்பாக்கம் எங்களுக்கு எத்தனை தூரம்? சாதாரண நாளில் பத்து நிமிடம். பையன் வந்து சேர்ந்தபோது இரவு பதினொன்றரை. இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்திருந்தான். இருபது வயதிருக்கும். சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையில் பொதிந்த இரண்டு வடிகட்டிகளை எடுத்தான். அவற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டிருக்கவில்லை. எங்களில் ஒருவர், பதற்றத்தில்தான் என்று வைத்துக்கொள்வோம், "ஏண்டா பன்னாடை, எத்தனை மணிக்குக் கூப்பிட்டோம், இப்பத்தான் வர்றியா?" என்றார்.

அவன் பதில் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, "டார்ச் அடிங்க சார்" என்றான்.

அந்தச் சொல்லுக்கு வருமுன் அவன் செய்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். தொட்டியிலிருந்து வரும் குழாயின் வால்வை மூடினான். அடியில் ஒரு தட்டை வைத்து, தோல் பட்டை கோத்த ஸ்பேனரால் முதல் வடிகட்டியைத் திருகிக் கழற்றினான். அதைத் தட்டில் கவிழ்த்தபோது டீசல் வரவில்லை. கறுத்த, கொழகொழத்த, நுங்கு அழுகினாற்போன்ற ஒன்று மெல்ல வழிந்தது. பின்னர்த் தொட்டியின் அடித்திருகைத் திறந்து ஒரு குடுவையில் பிடித்தான். கீழே கலங்கிய தண்ணீர், மேலே டீசல், இரண்டுக்கும் நடுவே பழுப்பாக ஓர் ஏடு. டார்ச் வெளிச்சத்தில் அதைக் காட்டி, "சார், இது ஓடி ஓடி அடைச்சது இல்ல. ஓடாம கெடந்து அடைச்சது" என்றான்.

எனக்கு அப்போது புரியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பாதி காலியான தொட்டியில் பாதி காற்று. எங்கள் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. இரவுக் குளிர்ச்சியில் அந்த ஈரம் தொட்டிச் சுவரில் வியர்த்து, வழிந்து, டீசலைவிடக் கனமானதால் அடியில் தங்குகிறது. தண்ணீரும் டீசலும் தொட்டுக்கொள்ளும் அந்த எல்லையில் நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. டீசலே உணவு, தண்ணீரே வீடு. மண்ணெண்ணெய்ப் பூஞ்சை என்றே பெயர் பெற்ற ஒன்று இருக்கிறதாம். விமானங்களின் எரிபொருள் தொட்டிகளையும் அது விட்டுவைத்ததில்லை. ஓடுகிற இயந்திரத்தில் எரிபொருள் புதிதாக வந்து பழையது செலவாகிக்கொண்டே இருக்கும். ஓடாத இயந்திரத்தில் அது ஊறிக் கிடக்கும். ஆக, மணிக்கணக்கு ஓடுகிற இயந்திரத்துக்கு. ஆண்டுக்கணக்கு ஓடாத இயந்திரத்துக்கு. கையேடு எழுதியவன் வியாபாரி இல்லை, உரையாசிரியன். மூலத்தை நான்தான் சரியாகப் படிக்கவில்லை.

புதிய வடிகட்டியின் ரப்பர் வளையத்தில் விரலால் டீசல் தடவி, கையால் திருகினான். "கையால போதும் சார், ஸ்பேனர் போட்டா ரப்பர் நசுங்கிடும்" என்றான். இரண்டாவதையும் மாற்றினான். உடனே ஓடிவிடும் என்று நினைத்தேன். அவன் முடுக்கவே இல்லை. குழாயில் காற்று புகுந்திருக்கிறது, அதை வெளியேற்றாமல் முடுக்கினால் பாட்டரிதான் சாகும் என்றான். வடிகட்டியின் தலையில் இருந்த சிறு திருகைத் தளர்த்திவிட்டு, கைப்பம்பை அழுத்தத் தொடங்கினான். திருகின் ஓரத்தில் நுரை வந்தது. அழுத்தினான். மீண்டும் நுரை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன், நூற்று நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டேன். நுரை குமிழிகளாகி, குமிழிகள் நின்று, கண்ணாடி போல் டீசல் மட்டும் வழிந்தபோது திருகை இறுக்கினான். சாவியைத் திருப்பினான். முதல் முறையிலேயே பிடித்துக்கொண்டது. மேலே ஐந்தாம் மாடி சன்னலில் விளக்கு வந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. கழற்றிய பழைய வடிகட்டிகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தான்.

இனி அந்தச் சொல். பனை, தென்னை மட்டைகளின் அடியில், மரத்தோடு ஒட்டிய இடத்தில், வலைபோல் பின்னிக் கிடக்கும் நார்த்திரைதான் பன்னாடை. தறியில் நெய்யாத துணி. கள் இறக்குகிறவர்களும் பதநீர் இறக்குகிறவர்களும் அதைக் கொண்டு வடிகட்டுவார்கள். வண்டும் தூசும் அதில் தங்கும். தெளிந்தது கலயத்தில் இறங்கும். காசு செலவில்லாமல் மரமே தரும் வடிகட்டி. இது எப்படி வசையானது? அதற்கு எங்கள் துறைதான் பொறுப்பு என்று அஞ்சுகிறேன்.

பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரை எட்டுப் பொருள்களுக்கு ஒப்பிட்டு மூன்று தரமாகப் பிரிக்கிறார். அன்னமும் பசுவும் தலை. மண்ணும் கிளியும் இடை. ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகிய நான்கும் கடை. நெய்யரி என்றால் நெய்யை வடிகட்டும் கருவி. உரைகாரர்கள் அதற்குப் பன்னாடை என்றே பொருள் சொல்கிறார்கள். நல்ல நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடை மட்டும் தன்னிடம் இறுத்திக்கொள்வது போல, நல்ல கருத்தை நழுவவிட்டுக் குற்றத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் மாணவன். ஆண்டுதோறும் இதை நடத்துகிறேன். நெய்யரிக்கு வரும்போது கடைசி இருக்கையில் சிரிப்பு எழும். நானும் சிரிப்பேன். இருபது ஆண்டுகளாக.

உவமையில் பிழையில்லை. மனத்தைப் பற்றிப் பேசும்போது, எது உள்ளே தங்குகிறது என்பதுதான் கேள்வி. ஆனால் அந்த உவமை எங்கே நின்றுகொண்டு பார்க்கிறது என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை. அது வடிகட்டிக்கு உள்ளே நின்று பார்க்கிறது. அடுப்படியில் நிற்கிறவள், கலயத்தைக் கீழே ஏந்தி நிற்கிறவன், இவர்கள் பார்வை வேறு. அவர்களுக்குத் தெளிந்த நெய் வேண்டும். அது வர வேண்டுமானால் யாரோ ஒருவர் கசடைத் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். பாலைப் பிரித்து உண்டு நீரை விட்டுவிடுகிறதாகச் சொல்லப்படும் அன்னத்தைத் தலைமாணாக்கனாக வைத்தோம். கேட்டால், அன்னம் தன் பங்கைத்தான் குடிக்கிறது. பிறருக்கு மிச்சம் வைப்பது தண்ணீரைத்தான். நெய்யரியோ தனக்கென்று வைத்துக்கொள்வது கசடை மட்டும். இதை வகுப்பில் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்காது.

தமிழ் மரபு தெளிவித்தலை அறியாததன்று. கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை இழைத்துத் தெளியவைக்கும் வழக்கம் நெய்தற்கலியிலேயே உவமையாக வருகிறது. மனம் தெளிவதற்கு அந்த உவமை. ஆனால் அங்கேயும் பாருங்கள், நம் கவனம் தெளிந்த நீரில். பானையின் அடியில் படிந்த சேற்றைக் கழுவுகிறவர் யார் என்று பாடல்கள் கேட்பதில்லை.

பதிப்புத் துறையில் ஒரே ஒரு விதிவிலக்கு எனக்குத் தோன்றுகிறது. 1887-இல் சீவக சிந்தாமணியைக் கொண்டுவந்தது தொடங்கி உ.வே.சாமிநாதையர் செய்ததெல்லாம் ஒரு வகையில் வடிகட்டுதல்தான். ஏடெழுதியவர்களின் பிழை, செல்லரித்த இடத்தில் வேறொருவர் இட்டு நிரப்பிய சொல் என்று எல்லாவற்றையும் தம்மிடம் நிறுத்திக்கொண்டு நமக்கு மூலத்தை இறக்கித் தந்தார். ஆனால் நிறுத்தியதைத் தூக்கி எறியவில்லை. பிரதிபேதங்களாக அடிக்குறிப்பில் வைத்தார். எதை வடிகட்டினேன் என்று காட்டிய பன்னாடை அவர். இப்படி எழுதினால் ஐயரவர்களின் அன்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொண்டால் என் கட்சிக்குத்தான் வலு.

எங்கள் வீட்டில் நான் சிறுவனாக இருந்தபோது பம்ப் ஸ்டவ் இருந்தது. ரேஷனில் வாங்கிய நீல நிறக் கிருஷ்ணாயிலை அம்மா புனலில் வெள்ளைத் துணி போட்டு வடிகட்டித்தான் ஊற்றுவார். அப்படியும் நிப்பிள் அடைத்துக்கொள்ளும். மெல்லிய தகட்டின் நுனியில் மயிரிழை போன்ற கம்பி வைத்த ஸ்டவ் பின், சமையலறைச் சுவரில் முருகன் நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். அதைக் கொண்டு குத்தினால் சுவாலை மஞ்சளிலிருந்து நீலத்துக்கு மாறும். ஒவ்வொரு வீட்டிலும் எரிபொருள் பொறியியல் தெரிந்த ஒரு பெண் இருந்தாள். சமையல் எரிவாயு வந்தது. நல்லதே நடந்தது, அந்த ஸ்டவ்கள் வெடித்து எரிந்த பெண்களை நினைத்தால் அதற்காக ஏங்க ஒன்றுமில்லை. ஆனால் அடைப்பு என்ற ஒன்று உண்டு, அதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற அறிவும் ஆணியோடு சேர்ந்து சுவரிலிருந்து போய்விட்டது.

அந்த அறிவு வேறிடங்களில் உயிரோடிருக்கிறது. என் தங்கை மகன் கனடாவின் கிழக்குக் கரையில், ஹாலிபாக்ஸ் நகரில் வாடகை வீடொன்றில் இருக்கிறான். அந்தப் பக்கத்தில் எண்ணெய் எரித்து வீட்டைச் சூடாக்குவது இன்றும் பரவலாக உண்டு. நிலவறையிலோ வெளிச் சுவரோரத்திலோ ஒரு தொட்டி, அதிலிருந்து செம்புக் குழாய், குழாயில் ஒரு வடிகட்டி, அதன் பின் பர்னர். அந்த எண்ணெய் டீசலுக்கு உடன்பிறப்பு. தொட்டிக்குள் நடப்பதும் அதே கதை. ஒரு பிப்ரவரி இரவில் அவன் வீட்டு ஹீட்டர் நின்றுவிட்டது. வடிகட்டி அடைப்பு. "மாமா, வீட்டுக்காரம்மா எழுபது வயசு. டார்ச்சை என்கிட்ட குடுத்துட்டு அவங்களே மாத்திட்டாங்க" என்றான். வால்வை மூடி, கிண்ணத்தைக் கழற்றி, உள்ளிருந்த கம்பளித் திரியை எடுத்துப் புதியதை வைத்து, வளையத்தையும் மாற்றி, காற்றை வெளியேற்றி, கிளப்பிவிட்டார்களாம். பனிக்காலம் தொடங்குமுன் ஆண்டுதோறும் அதை மாற்றிவிடுவது அவர்கள் வழக்கம். அந்த ஆண்டு கணவர் இறந்த துக்கத்தில் மறந்துவிட்டதாகச் சொன்னாராம். குளிர் அங்கே மறதியை மன்னிப்பதில்லை. நமக்குக் குளிர் இல்லை; வெயிலில் நான்கு மணி நேரம் மின்சாரம் இல்லாவிட்டாலும் புலம்பிவிட்டுப் பிழைத்துக்கொள்வோம். அதனால்தான் நம் மறதிக்கு இத்தனை இடம் கிடைக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒரு செய்தி வழியில் சொல்ல வேண்டும், எனக்குப் பிடித்தது. 1900-இல் பாரீஸ் உலகக் கண்காட்சியில் டீசல் வகை எஞ்சின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடிக் காட்டப்பட்டது. ருடால்ப் டீசலே பிற்காலத்தில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். செக்கில் ஆட்டிய எண்ணெயை வடிகட்டாமல் ஊற்றியிருக்க மாட்டார்கள் என்று நம்பலாம்.

மெக்கானிக்கிடம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்ட ஒன்றுதான் என்னை இன்னும் தொந்தரவு செய்கிறது. வடிகட்டி இரண்டு வகையில் தோற்கும். ஒன்று, அடைத்துக்கொள்ளும். அப்போது எஞ்சின் நின்றுவிடும், எரிச்சலாக இருக்கும், ஆனால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மற்றொன்று, உள்ளே தாள் கிழிந்துவிடும். அப்போது எஞ்சின் நிற்காது, நன்றாகவே ஓடும். மிக நுண்ணிய துளைகள் கொண்ட இன்ஜெக்டர்களை அழுக்கு அரித்துக்கொண்டிருப்பது வெளியே தெரியாது. தெரியும்போது செலவு லட்சத்தில் வரும். கடைத்தெருவில் பாதி விலைக்குக் கிடைக்கும் போலி வடிகட்டிகள் எளிதில் அடைப்பதில்லையாம். அவற்றை வாங்குகிறவர்கள், "நல்லா உழைக்குது" என்று மகிழ்ந்து மீண்டும் வாங்குகிறார்களாம். டிசம்பர் 4 இரவு எங்கள் வடிகட்டி செய்தது முதல் வகை. மூன்று ஆண்டு அழுக்கையும் தானே விழுங்கிக்கொண்டு, இனி முடியாது என்றபோது வழியை அடைத்துக்கொண்டது. நாங்கள் அதைக் 'கெட்டுப் போன ஃபில்டர்' என்றோம்.

அந்தப் பையனை அழைத்த சொல்லுக்கு இங்கேதான் வர விரும்பினேன். நம் குடியிருப்புகளில் கசடைத் தம்மிடம் வாங்கிக்கொள்கிறவர்கள் யார் யார் என்று எண்ணிப் பாருங்கள். குப்பையைப் பிரிக்கிற பெண்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டியின் வலையைக் கழுவுகிறவர். மேல்நிலைத் தொட்டிக்குள் இறங்கித் தேய்க்கிறவர். பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் மனிதரைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அதன் பிறகும் இறங்கியவர் மூச்சடைத்து இறந்த செய்தி நாளிதழின் உள்பக்கத்தில் வந்துகொண்டுதான் இருக்கிறது. இவர்களுக்கெல்லாம் நாம் வைத்திருக்கும் பெயர்களை ஒரு பட்டியலாகப் போட்டால், பன்னாடை அதில் மிகவும் மரியாதையான சொல்லாக இருக்கும். அந்தப் பையன் அந்தச் சொல்லைக் கேட்டுப் புண்பட்டானா என்று தெரிந்துகொள்ள எனக்குத் துணிவு வரவில்லை. அவனைத் திட்டியவரிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை. திட்டப்பட வேண்டிய ஆள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

தலைமையாசிரியை அம்மா அந்த இரவைக் கடந்தார். வெள்ளம் வடிந்தபின் பார்க்கப் போனேன். மூக்கில் குழாயோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். தமிழாசிரியராக இருந்து தலைமையாசிரியர் ஆனவர். மன்னிப்புக் கேட்கப் போனவன் கேட்காமல் ஏதேதோ பேசினேன். நெய்யரி பற்றிச் சொன்னேன். சிரித்தார், சிரித்தால் மூச்சு வாங்கும், அதனால் பாதியில் நிறுத்திக்கொண்டார். "என் மெஷின்லயும் ஒரு ஃபில்டர் இருக்கு தம்பி. வாரா வாரம் பையன் கழுவி வைக்கணும். நீங்க அதையும் பார்த்துட்டுப் போங்க" என்றார். கருவியின் பக்கவாட்டிலிருந்து சிறிய பஞ்சுத் தகடு ஒன்றை உருவிக் காட்டினார். சாம்பல் படிந்திருந்தது. அவர் சென்ற ஆண்டு காலமானார். வேறு காரணத்தால்; அதை எனக்கு நானே அவ்வப்போது சொல்லிக்கொள்கிறேன்.

என் கோரிக்கை பெரிதன்று. ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கொருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில் இரண்டு வடிகட்டிகளையும் மாற்றுவது. தொட்டியின் அடியிலிருந்து மாதம் ஒருமுறை தண்ணீரை வடித்துப் பார்ப்பது. தொட்டியைப் பாதி காலியாக விடாமல் நிறைத்து வைப்பது. பாரத்தோடு மாதம் ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட்டுவது. வெறுமனே இரண்டு நிமிடம் இரையவிட்டு நிறுத்துவதால் பயனில்லை. மாற்று வடிகட்டி ஒரு ஜோடி குடியிருப்பிலேயே உலர்ந்த இடத்தில் இருப்பது. அவற்றை மாற்ற எங்களில் மூன்று பேராவது பழகிக்கொள்வது. வடிகட்டிகளின் விலை, முகப்பு வளைவில் பதிக்க நினைக்கும் கிரானைட்டில் ஒரு பலகைக்கு ஈடாகாது. வளைவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; அழகாகத்தான் இருக்கும்.

தீர்மானம் வாக்கெடுப்புக்கு வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள். இதற்கிடையில் வருகிற சனிக்கிழமை காலை பையன் வருகிறான். இப்போது அவன் தனியாகத் தொழில் செய்கிறான். கைப்பேசி எண்ணை என் பெயரேட்டில் 'பன்னாடை' என்று பதியலாமா என்று ஒரு கணம் நினைத்து, அந்தப் பாராட்டு அவனுக்குப் புரிய நன்னூல் நடத்த வேண்டியிருக்குமே என்று விட்டுவிட்டேன். இம்முறை டார்ச் பிடிக்கப் போவதில்லை. முதல் வடிகட்டியை நான் கழற்ற, அவன் பார்த்துக்கொண்டிருப்பதாக ஏற்பாடு. பழைய வேட்டி ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன்.